நடுவர் மனைவிக்கு நான்காம் இடம்

1

போன வாரம் மங்கையின் கைப்பேசி அவளைக் கேட்காமலேயே ஒரு படத்தை எடுத்துக் காட்டியது. ஓராண்டுக்கு முன் இதே நாளில் என்று மேலே ஒரு வரி, பக்கத்தில் ஒரு பூ. பனிச்சறுக்குத் தளத்தில் நான்கு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். மூன்று பேர் கழுத்தில் பதக்கம். ஓரத்தில், அரக்குச் சிவப்பு உடையில், கையுறைகளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாளே, அவள்தான் என் மனைவி. அவளுக்கு நான்காம் இடம். அந்த இடத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

அவள் அப்போது இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தாள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள், அடுத்த தட்டில் மாவை ஊற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் இதை எழுத நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மலாய் நாட்டுக் கிள்ளானிலிருந்து நான் எழுதுகிறேன் என்றால் திருச்சி நண்பர்கள் தைப்பூசக் கூட்டத்தையோ டுரியான் பழத்தையோ எதிர்பார்ப்பார்கள். இந்த முறை ஐஸ்தான். நம் ஊரில் ஐஸ் என்றால் மீன் வண்டியில் மரத்தூளுக்கு நடுவே வரும் பாளம், அல்லது சர்பத் கடைக்காரர் துணியில் சுற்றிக் கட்டையால் அடிக்கும் துண்டு. அதன்மேல் இரும்புத் தகடு கட்டிய காலணியோடு ஏறி, இசைக்கு ஆடி, அதற்கு ஒருவர் மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண் சரியா தப்பா என்று இன்னும் பத்துப் பேர் சண்டை போடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இப்போது அந்தப் பத்துப் பேரில் நான் ஒருவன்.

2

இந்தப் பைத்தியம் பிரிக்பீல்ட்சில் பிடித்தது. வந்த புதிதில் அங்கே ஓர் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இருந்தோம். ரயில் சத்தமும் பூக்கடை வாசனையும் சேர்ந்து மேலே வரும். மகன் இளங்கோ அப்போது சின்னப் பையன். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு குளிர்கால விளையாட்டு ஓடியது. ஒரு பெண் மூன்று சுற்றுச் சுற்றிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கினாள். பையன் வாயைத் திறந்தபடி நின்றான். நான் குதித்தலைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு திரையில் வந்த கணக்கைப் பார்த்தேன்.

நான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவன். கணக்கைப் பார்த்தால் விட மாட்டேன். இந்த விளையாட்டில் முன்பெல்லாம் ஆறுக்கு இத்தனை என்று நடுவர்கள் ஒரே எண்ணைத் தூக்கிக் காட்டுவார்களாம். ஏன் அந்த எண் என்று யாரும் கேட்க முடியாது. அதில் ஊழல் நாறிப்போய், விதியையே மாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு குதித்தலுக்கும் ஒரு விலை உண்டு. நன்றாகச் செய்தால் கூட்டல், மோசமாகச் செய்தால் கழித்தல், கீழே விழுந்தால் தனியாக ஒரு புள்ளி போகும். ஒன்பது நடுவர்கள் போடுவதில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுப்பார்கள். முடிந்ததும், எந்த நடுவர் எதற்கு என்ன போட்டார் என்று கட்டம் போட்டு அச்சிட்டு உலகத்துக்கே கொடுத்துவிடுவார்கள்.

அந்தக் கட்டத்தில்தான் நான் விழுந்தேன். காரணம் உண்டு. வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் புத்ராஜெயாவில் உள்ள குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்ப் போய் வந்த காலம் அது. எண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒருமுறை நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தேன். நெடுநாள் கழித்து, பரிசீலித்தோம், ஏற்க இயலவில்லை என்று பதில் வந்தது. முகப்பில் இருந்த அதிகாரியம்மா நல்லவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காரணம் போடறது வழக்கமில்லைங்க, என்சிக், மறுபடி போடலாம்" என்று மலாயில் மெல்லச் சொன்னார். என்சிக் என்றால் ஐயா. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காரணத்தைக் கட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு இதில் ஒரு புண் உண்டு. பேச்சுப் போட்டி என்றால் தாளாளர் பையனுக்கு முதல் பரிசு, மற்றவர்களுக்கு ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். அந்த டம்ளர்கள் எங்கள் வீட்டில் வரிசையாக இருந்தன. அம்மா அதில்தான் காபி கொடுப்பாள். வேண்டியவனுக்கு மார்க் போடுகிறவனைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

3

இங்கே என்னைப் போன்றவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். பிரிக்பீல்ட்சில் தேவி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை, அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சுங்கை வேயில் கார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் குணா. இருவரையும் பேரங்காடியில் நடந்த ஒரு சறுக்குப் போட்டியின் பார்வையாளர் வரிசையில்தான் சந்தித்தேன். ஒரு பெண் குதித்து இறங்கியதும், முழுச் சுற்று வரவில்லை என்று நான் முணுமுணுக்க, பின்னாலிருந்து "கால் சுத்து குறையுது, அண்ணே" என்று ஒரு குரல் கேட்டது. அதுதான் குணா. கிரீஸ் போகாத நகங்களோடு அவன் அப்படிச் சொன்னபோதே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் போட்டி நடந்தால் நமக்கு அது காலை. ஞாயிற்றுக்கிழமை தேவி அக்கா வீட்டில் கூடுவோம். குணா தோசையும் சம்பாலும் தாப்பாவ், அதாவது பொட்டலம், கட்டிக்கொண்டு வருவான். இங்கே காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருமுறை தொலைபேசியில் அம்மாவிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டேன். "என்னடா, மடத்துச் சாமியார் மாதிரி பேசுற?" என்றாள். இங்கே நான் ஊர்க்காரன், அங்கே நான் சாமியார்.

கூடினால் சண்டைதான். அதிகாரப்பூர்வ மதிப்பெண் திரையில் வருமுன் நாங்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். குணா மனசால் மதிப்பெண் போடுகிறவன். அழ வைத்தால் பத்துக்குப் பத்து. தேவி அக்கா உடை, இசை, கை நீட்டும் அழகு எல்லாம் பார்ப்பார். நான் விதிப் புத்தகம். தன் நாட்டுப் பிள்ளைக்கு ஒரு நடுவர் அள்ளிக் கொடுத்திருந்தால் அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடித்துக் காட்டாமல் எனக்கு அடுத்த தோசை இறங்காது. குணா எனக்கு ஜட்ஜ் அண்ணே என்று பெயர் வைத்தான். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

இளங்கோவும் அப்போதெல்லாம் வருவான். வளர வளர அவன் தமிழ் மெலிந்து ஆங்கிலமாகிக்கொண்டிருந்தது. அவன் நண்பர்கள், அவன் பாட்டு, அவன் சாப்பாடு எல்லாம் வேறு. ஆனால் சறுக்கு ஓடும்போது மட்டும் தோளோடு தோள் உட்கார்ந்து என்னோடு வாதாடுவான். படிக்க மெல்பர்ன் போனான், அங்கேயே வேலையிலும் சேர்ந்தான். இப்போது போட்டி நடந்தால் ஒரு வரிச் செய்தி அனுப்புவான். அதற்கு நான் பத்து வரி எழுதுவேன். அவன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான்.

4

அவன் போன பிறகு மங்கை கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு ஞாயிறு, நான் எவளோ ஒரு வெளிநாட்டுக்காரியின் சுழற்சி மெதுவாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேவி அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்து மங்கை எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு பேசுறீங்களே, ஒரு நாளாவது அதுமேல நின்னு பாத்திருக்கீங்களா?"

"நான் பார்க்கிற ஆளு. நிக்கிற ஆளு இல்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே பேரங்காடித் தளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

லால்குடியில் பிறந்து, கல்லூரி முடித்து, கல்யாணமாகி என்னோடு இங்கே வந்த பெண். ஐம்பதை நெருங்குகிறாள். ஊரில் அவள் அக்கா, "இந்த வயசுல காலை ஒடிச்சிக்கிட்டு வந்து நிக்காத" என்றாள். பிரிக்பீல்ட்ஸ் தையற்காரர் மூன்று முறை விளக்கம் கேட்டுவிட்டு, இழுத்தால் நீளும் துணியில் சுரிதார் மாதிரியும் இல்லாத, பாவாடை மாதிரியும் இல்லாத ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். வெளியே வெயில் கொளுத்தும். இவள் ஸ்வெட்டரும் கையுறையும் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவாள். முதல் மாதம் இடுப்பில் பச்சை பச்சையாகக் கன்றிப்போயிற்று. நல்லெண்ணெயைச் சூடுபண்ணித் தடவிக்கொண்டு மறுபடி போனாள். ஒற்றைக் காலில் நேராக வழுக்கிக்கொண்டு போகக் கற்றுக்கொண்ட அன்று, கடைக்குப் போன என்னை நடுவழியில் அழைத்துச் சொன்னாள். அவள் குரல் அப்படி இருந்து நான் பல வருடம் கேட்டதில்லை.

5

தளத்தில் ஆண்டுக் கடைசியில் தங்கள் மாணவர்களுக்கென்று ஒரு சின்னப் போட்டி வைப்பார்கள். பயிற்சியாளர் லிம் எங்கள் மூவரையும் நன்றாக அறிந்தவர். நாங்கள் வரிசையில் உட்கார்ந்து போடும் கூச்சலே அதற்குக் காரணம். "அங்கிள், வெளியே உட்கார்ந்து சத்தம் போடுறதுக்கு, உள்ளே வந்து மார்க் போடுங்க" என்று என்னைக் கூப்பிட்டார். ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சொந்தக்காரர் ஆடினால் அந்த நடுவர் எழுந்து போய்விட வேண்டும் என்ற விதியை நானே எழுந்து நின்று வலியுறுத்தினேன். மங்கை பெரியவர்கள் பிரிவில் ஆடப் பெயர் கொடுத்திருந்தாள். அந்தப் பிரிவுக்கு டெங்கிலிலிருந்து ஒரு பெண்மணி வந்து என் நாற்காலியில் உட்காருவதாக ஏற்பாடு.

அன்றைக்கு மழை. டெங்கில் பக்கம் சாலையில் தண்ணீர் ஏறி, அந்தப் பெண்மணி காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். தளம் வாடகைக்கு எடுத்தது. பெரியவர்கள் பிரிவு முடிந்ததும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள், அவர்கள் ஏற்கெனவே காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். லிம் கையைப் பிசைந்தார்.

"அங்கிள், நோ சாய்ஸ் லா. நீங்களே போடுங்க. உங்களை எல்லாரும் நம்புறாங்க."

விதியை எடுத்துச் சொல்லி எழுந்து போயிருக்க வேண்டும். நான் மங்கையைப் பார்த்தேன். குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "போடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அவளும் என்னை நம்பினாள்.

நான்கு பேர் ஆடினார்கள். மங்கை கடைசி. ஒரு பழைய பாட்டை வீணையில் வாசித்த இசையைப் போட்டிருந்தாள். ஒற்றைக் கால் சறுக்கலில் தளத்தின் பாதி தூரம் ஆடாமல் அசையாமல் போனாள். அரைச் சுற்றுக் குதித்தலில் கொஞ்சம் தடுமாறி நிமிர்ந்தாள். இரண்டு கால் சுழற்சியை நன்றாக முடித்து, கைகளை விரித்து, நேராக எங்கள் மேசையைப் பார்த்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். பார்வையாளர்கள் எல்லாரும் தட்டினார்கள். குணா விசில் அடித்தான். நடுவர் கை தட்டக் கூடாது என்பது விதி. என் இரண்டு கைகளும் மேசைக்கு அடியில் இருந்தன.

அந்தச் சறுக்கலுக்கு நான் பார்த்தது எட்டு. பேனாவை எடுத்ததும், இந்த எட்டைப் பார்த்து யார் யார் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பு வந்தது. பெண்டாட்டிக்குப் போட்டுக்கொண்டான் என்பார்கள். தாளாளர் பையன் ஞாபகம் வந்தான். ஆறு போட்டேன். சுழற்சிக்கும் அப்படியே. வழங்கிய விதத்துக்கும் அப்படியே. மற்ற மூவருக்கும் பார்த்ததைப் போட்டிருந்தேன், ஒருவருக்குக் கொஞ்சம் தாராளமாகவே. ஒன்பது நடுவர்கள் இருந்தால் என் கோணல் அடிமட்டமாகத் தள்ளுபடி ஆகியிருக்கும். அங்கே இருந்தது மூன்றே பேர், மூன்றையும் கூட்டினார்கள். இந்தக் கணக்கு என்னைவிட அந்தக் கட்டடத்தில் யாருக்கும் நன்றாகத் தெரியாது.

தளத்தின் கண்ணாடித் தடுப்பில், எந்த நடுவர் என்ன போட்டார் என்ற கட்டத்தோடு முடிவுத் தாளை ஒட்டினார்கள். மங்கை நான்காவது. மூன்றாவது வந்தவளுக்கும் அவளுக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம். குணா என் காதருகே வந்து, "அண்ணே, அண்ணி ரெண்டாவது வந்திருக்கணும் லா, நான் பார்த்தேன்தானே" என்றான். நான் நடுவர் முகத்தோடு நின்றேன். அன்று சிறுவர் பிரிவில் ஆடிய ஒரு பிள்ளையின் அப்பா, சீனர், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்த வைஃபுக்கே சான்ஸ் கொடுக்கல. ரெஸ்பெக்ட், அங்கிள்."

அந்தப் பாராட்டை நான் கிள்ளான் வரைக்கும் அசைபோட்டுக்கொண்டே கார் ஓட்டினேன். பக்கத்தில் மங்கை ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

6

மறுநாள் காலை காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சறுக்கலுக்கு மத்த ரெண்டு பேரும் எட்டு போட்டிருக்காங்க. நீங்க ஆறு. என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நடுவரின் மதிப்பீட்டுக்கு மேல்முறையீடு கிடையாது, கூட்டலில் பிழை இருந்தால் மட்டும்தான் கேட்கலாம், உலகம் முழுக்க அதுதான் விதி என்றேன்.

"மேல்முறையீடு இல்ல. காரணம் கேட்டேன்."

என்னிடம் காரணம் இல்லை. அதாவது, சொல்லக்கூடிய காரணம் இல்லை.

"எங்கப்பா ரேங்க் கதை தெரியும்ல?" என்றாள்.

எனக்குத் தெரியாமலா? லால்குடியில் என் மாமனார் கணக்கு வாத்தியார். மங்கை பத்தாம் வகுப்பில் அவரிடமே படித்தாள். அரையாண்டுத் தேர்வில் அவள் விடைகளுக்குக் கீழே கோடு போடவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்து, அவளை இரண்டாவதாக்கினார். வேறு யாருக்கும் கோட்டுக்காகக் குறைக்கவில்லை. தலைமை ஆசிரியர் காலைக் கூட்டத்தில் அவரைப் புகழ்ந்து பேசினாராம். பெண் பார்க்கப் போன அன்று, பஜ்ஜித் தட்டை நீட்டியபடியே அவள் சித்தப்பா இந்தக் கதையைச் சொன்னார். சொந்தப் பெண்ணுக்கே இரண்டாம் ரேங்க் போட்ட மனுஷர் என்று. அந்த நிமிடமே எனக்கு மாமனாரைப் பிடித்துப்போயிற்று. பெண்ணை அதற்குப் பிறகுதான் சரியாகப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தேவி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், குணாவிடம் சொல்லியிருக்கிறேன்.

"எல்லார்கிட்டயும் சொல்றீங்க. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

நான் காபி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"ரெண்டாவது வந்ததுக்கு நான் அழல. அசெம்ப்ளியில எல்லாரும் எங்கப்பாவுக்குக் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அப்பதான் அழுகை வந்துச்சு. அவருக்கு நல்ல பேரு வாங்கித் தர்றதுக்கு என் மார்க்தான் கெடச்சுதா?" டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நேத்து உங்களுக்கு ஒருத்தர் கை குடுத்தாரே. அதையும் பாத்தேன்."

அதன்பிறகு இதைப் பற்றி அவள் பேசவில்லை. தளத்துக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. ஆனால் அன்றைக்கு என்ன கற்றாள், எங்கே விழுந்தாள் என்று வந்து சொல்வது நின்றுபோயிற்று. நானாகக் கேட்டால், "நல்லா போச்சு" என்பாள். அலுவலகத்தில் கொடுக்கும் பதில் அது.

இளங்கோவிடம் அவளே சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. வழக்கமாகச் செய்தி அனுப்புகிறவன் அன்று கூப்பிட்டான். "அப்பா, நீங்க ஜட்ஜ் பண்ணியிருக்கவே கூடாது. பண்ணீங்கன்னா, பார்த்ததைப் போட்டிருக்கணும். தட்ஸ் ஆல்." தமிழில் அவன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அதற்கு நான் பத்து வரியில் பதில் எழுதவில்லை.

7

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, தேவி அக்கா வீடு. ஏதோ ஒரு நாட்டு நடுவர் தன் நாட்டுப் பையனுக்கு வாரி வழங்கியிருந்தார். குணாவுக்குத் தோசை தொண்டையில் நின்றது.

"இவனை எல்லாம் பேன் பண்ணணும் லா. ஜட்ஜ் அண்ணே, சொல்லுங்க."

நான் அந்தக் கட்டத்தைத் தேடப் போகவில்லை. தேவி அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மங்கை அன்று வரவில்லை. அதனால்தான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"மேல போட்டா கள்ளன்னு சொல்றோம். கீழ போட்டா நல்லவர்னு சொல்றோம். ரெண்டும் பொய் மார்க்தானே, மூர்த்தி?"

குணா தட்டைப் பார்த்துக்கொண்டான். தேவி அக்கா என்னைத்தான் பார்த்தார்.

"நான் வேலை செய்யறப்போ இண்டர்வியூ பேனல்ல நம்ம ஆளு ஒருத்தர் உட்கார்ந்திருந்தா எங்களுக்கு உள்ளுக்குள்ள பயம் வரும். மத்தவங்க கேள்வி கேட்டு விட்டுடுவாங்க. நம்ம ஆளு மட்டும் குடைஞ்சி எடுப்பார். ஏன்னா, நம்மாளுக்குக் குடுத்தான்னு யாரும் சொல்லிடக் கூடாது. அவர் கெட்டவர் இல்ல. பயந்தவர். அவர் பயத்துக்கு எங்க புரமோஷன் போகும்."

நான் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன், சாப்பிடவில்லை. காரணம் சொல்லாமல் வந்த அந்த ஒரு வரிப் பதிலை எத்தனை வருடம் மனதில் வைத்துப் புழுங்கியிருக்கிறேன். என் சமையலறையில் ஒருத்தி காரணம் கேட்டபோது நானும் அதே பதிலைத்தான் கொடுத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றியபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மழை வருமா என்று கேட்டேன். அவ்வளவுதான் வந்தது.

8

கைப்பேசி அந்தப் படத்தைக் காட்டிய வாரம், இந்த ஆண்டுப் போட்டிக்கு லிம் மறுபடி என்னைக் கூப்பிட்டார். எந்தப் பிரிவுக்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மங்கை காதில் அது விழுந்தது. சனிக்கிழமை காலை ஸ்வெட்டரை எடுத்துப் பையில் போட்டவள், என்னுடையதையும் எடுத்துப் போட்டாள்.

"வாங்க" என்றாள்.

வாடகைக் காலணி கால்களை நெறித்தது. சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு போக பிளாஸ்டிக் பெங்குவின் பொம்மைகள் வரிசையாக நின்றன. ஒன்றைக் கேட்டேன். அங்கே இருந்த மலாய்ப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது சிறுவர்களுக்கு மட்டும், பாக்சிக், அதாவது மாமா, என்றான். ஓரத் தடுப்புக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. எத்தனையோ பேர் விழுந்ததை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கழித்தல் ஒன்று என்று சொல்லியிருக்கிறேன். நிற்பதே இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. அவள் எனக்கு முன்னால் பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு வந்தாள். அதை எப்போது கற்றாள் என்பதும் எனக்குத் தெரியாது.

அங்கே, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான், சொன்னேன். சறுக்கலுக்கு நான் பார்த்தது எட்டு, சுழற்சிக்குப் பார்த்தது ஏழு, எல்லாவற்றிலும் குறைத்துப் போட்டேன், உன் ஆட்டத்தில் தப்பு இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தேன், நீ இரண்டாவது வந்திருக்க வேண்டியவள் என்றேன். 

"தெரியும்" என்றாள். "அந்தத் தாளை நானும்தான் படிச்சேன்."

"தெரிஞ்சுமா ஒரு வருஷமா கேக்காம இருந்த?"

"கேட்டேன். நீங்க விதி சொன்னீங்க. அப்புறம், நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

சிறுவர்கள் பெங்குவின்களைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குளிர் என்று நான் நினைக்கவில்லை.

"சரி. கம்பிய விடுங்க."

"விழுந்துருவேன்."

"விழுவீங்க. விடுங்க."

விட்டேன். கொஞ்ச தூரம் நிஜமாகவே போனேன். ஒரு கால் முன்னால் போயிற்று, மற்றது அதற்குப் பின்னால் வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தில் நிமிர்ந்தவன் தொப்பென்று உட்கார்ந்தேன். கால்சட்டையில் ஈரம் ஏறியது. கன்றிப்போகும் என்று தெரிந்தது. எழுந்திருக்க வழி தெரியாமல், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கீழே இருந்தபடியே கேட்டேன்.

"எவ்வளவு போடுவ?"

அவள் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அருகில் பார்த்தேன்.

"புருஷனுக்கு நான் மார்க் போடக் கூடாது. விதி."

பிறகு இரண்டு கையுறைகளையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வெறுங்கைகளால், தளத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படி, எனக்குக் கை தட்டினாள்.